பக்கம் புரட்டலும் பாடம் பயிலலும்

மின்கற்றற் பாடநெறிகளிலே பரவலாக வழங்கும் உத்திகளுள் ஒன்று, திரையில் ஒரு நூலை விரித்து வைத்து, அதன் தாள் உண்மையாகவே புரள்வது போலக் காட்டுவதாகும். பக்கத்தின் ஓரத்தை விரலால் தொட்டு இழுத்தால் தாள் வளைகின்றது. வளைவிலே நிழல் விழுகின்றது. சில அமைப்புகளில் தாள் சரசரக்கும் ஓசையும் எழுகின்றது. இவ்வமைப்பினை இக்கட்டுரையிற் ‘புரள்பக்க நூல்’ எனக் குறிப்போம். இதனைப் பாடங்களிற் கையாள்வதால் மாணவன் அடையும் பயன் யாது, இழப்பு யாது என ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

இஃது ஒரு தொழினுட்ப விடயம். கலைப்பீட மாணவர் இதிலே தலையிட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் காலத்திலிருந்து விரிவாக நடந்து வந்துள்ளது. அவ்விவாதத்தை நாம் நாவலோடும் கவிதையோடும் பெரும்பாலும் நிறுத்திவிட்டோம். பாடநூலுக்கும் உருவம் உண்டு. அவ்வுருவம் உள்ளடக்கத்தை மாணவனிடம் கொண்டு சேர்க்கின்றதா, அன்றி இடையில் நின்று மறைக்கின்றதா என்பது விமர்சகன் கேட்கவேண்டிய வினாவே. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் மாணவரை மனத்திற் கொண்டு கேட்கும்போது அவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

1. புரள்பக்க நூலின் இயல்பு

புரள்பக்க நூல் செயற்படும் முறை எளிமையானது. நூலின் ஒவ்வொரு பக்கமும் ஒரு படமாக வைக்கப்படுகின்றது. விரல் நகரும் திசையைக் கொண்டு மடிப்புக் கோடொன்று கணிக்கப்படுகின்றது. அக்கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதி வெட்டி மறைக்கப்பட, அடுத்த பக்கத்தின் படம் அவ்விடத்தில் எட்டிப் பார்க்கின்றது. மடிப்பின் ஓரமாக மங்கிச் செல்லும் கருமை பூசப்படுவதால் தாளுக்குக் கனம் இருப்பது போன்ற மயக்கம் பிறக்கின்றது. முன்னர் இதனைப் பெரும்பாலும் பிளாஷ் என்னும் மென்பொருள் கொண்டு செய்தனர். அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31ஆந் திகதியுடன் பிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதிலே செய்யப்பட்டு மாற்றியமைக்கப்படாத புரள்பக்க நூல்கள் ஒரேயடியாகத் திறவாமற் போயின. இன்று இணைய உலாவிகளே நேரடியாக இயக்கும் நிரல்கள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஆசிரியர் ஒருவர் தம் பி.டி.எவ். கோப்பினை ஏற்றிச் சில நிமிடங்களிற் புரள்பக்க நூலொன்றைப் பெற்றுக்கொள்ளத்தக்க சேவைகளும் உள்ளன.

புதிய ஊடகம் பழைய ஊடகத்தின் சாயலை அணிந்து வருவது வரலாற்றிற் புதிதன்று. ஐரோப்பாவின் முதல் அச்சு நூல்கள் கையெழுத்துப் படிகளின் எழுத்தமைப்பைப் பின்பற்றின. தமிழிலும் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிய பின்னர் நெடுங்காலம் ஏட்டின் பழக்கம் அச்சைத் தொடர்ந்து வந்தது. ஏட்டிற் போலவே பாடல்களை அடி பிரிக்காது உரைநடை போல ஓட விட்டு அச்சிடும் வழக்கம் நிலவியதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். எங்கள் பிரதேசத்தில் விசயதசமியன்று பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் சடங்கினை இன்றும் ‘ஏடு தொடக்கல்’ என்றே வழங்குகின்றோம். ஏடு போய்விட்டது, ஏட்டின் பெயர் நிற்கின்றது. ஆகவே திரையானது நூலின் சாயலை அணிந்து வந்தது என்பதற்காக மட்டும் அதனை எள்ளி நகையாடுவது முறையாகாது. அச்சாயல் எதற்குப் பயன்படுகின்றது என்பதே நோக்கத்தக்கது.

2. அதன் சார்பிற் சொல்லத்தக்கவை

புரள்பக்க நூலின் சிறந்த வடிவம் எனக் கொள்ளத்தக்கது பிரித்தானிய நூலகம் 1990களின் பிற்பகுதியில் உருவாக்கிய ‘பக்கங்களைப் புரட்டுதல்’ என்னும் திட்டமாகும். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பக்கம் மட்டும் திறந்து வைக்கப்படும் அரும்பெருஞ் சுவடிகளைப் பார்வையாளர் தாமே முழுவதும் புரட்டிப் பார்க்க அது வழி செய்தது. லின்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடி இவ்வாறு திரைக்கு வந்தது. லியனார்டோ டா வின்சி வலமிருந்து இடமாக எழுதிய குறிப்பேட்டை நிமிர்த்தி வாசிக்கும் வசதி செய்யப்பட்டது. சுல்தான் பைபர்சின் குர்ஆன் வலப்புறமிருந்து புரண்டது. கி.பி. 868ஆம் ஆண்டுக்குரிய வைர சூத்திரம் சுருளாகையால் அது புரளாது விரிந்தது. இங்கு அசைவு அலங்காரமாக நில்லாமல் அப்பொருளின் இயல்பை உணர்த்துகின்றது. சுருள் இவ்வாறு வாசிக்கப்பட்டது, சுவடி இவ்வாறு கையாளப்பட்டது என்பதையே அது கற்பிக்கின்றது. அந்த அளவில் அஃது ஒரு பாடமாகின்றது.

இரண்டாவதாக, வாசகரின் பற்றினையும் கருதவேண்டும். அப்பிள் நிறுவனம் 2022 செப்டெம்பரில் தனது நூல் வாசிப்புச் செயலியிலிருந்து தாள் வளையும் அசைவை நீக்கியது. வாசகர் பலர் குறைபட்டனர். 2023 மார்ச்சில் அதனை மீண்டும் சேர்த்தது. தாளின் அசைவிலே வாசகர் ஏதோவொரு நிறைவைக் காண்கின்றனர் என்பது இதனாற் புலனாகும்.

மூன்றாவது காரணம் நமக்கு மிக நெருங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்ற மக்கள், பாடசாலை நூலகங்களையும் வீட்டு அலுமாரிகளையும் வழியிலே விட்டுச் சென்றனர். நூலை இழந்த சமூகம் திரையிலேனும் நூலின் உருவைக் காண விரும்புவதில் வியப்பில்லை. அட்டையும் தாளும் முதுகும் கொண்ட முழுமையான ஒரு பொருளாக நூல் மீண்டும் தோன்றும்போது அதற்கு ஓர் உணர்வுப் பெறுமதி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்துப் பாதுகாத்து வருவதன் அருமையும் இதனாலேயே நமக்குப் பெரிதாகத் தெரிகின்றது.

நான்காவதாக ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் நமது நாட்டிற் பாமினி முதலிய எழுத்துருக்களிலேயே தமிழ் கோக்கப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் பொருளற்ற குறிகளாகச் சிதறியது. பக்கத்தைப் படமாக அனுப்பினால் எழுத்துச் சிதறாது. எனவே தமிழாசிரியர் பக்கப் படத்தை விரும்பியது ஆசையால் மட்டுமன்று, தேவையாலும் ஆகும். ஆயின் அத்தேவை இன்று இல்லை. கையிலுள்ள சாதாரண ஸ்மார்ட் தொலைபேசியும் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே காட்டுகின்றது. தேவை நீங்கிய பின்னரும் பழக்கம் நீங்கவில்லை.

3. உருவமும் பயனும்

தமிழிற் ‘புரட்டு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினையாக வருங்கால் அது தாளைத் திருப்புதலைக் குறிக்கும். பெயராக வருங்காற் பொய்யையும் ஏமாற்றையும் குறிக்கும். பாடநெறிகளிற் புகுந்துள்ள புரள்பக்க நூல் இவ்விரு பொருளுக்கும் இடையே நிற்கின்றது எனலாம். நூல் தரும் வசதிகள் பலவற்றை நீக்கிவிட்டு நூலின் தோற்றத்தை மட்டும் அது தருவதே அதற்குக் காரணமாகும்.

முதலில் அளவினை நோக்குவோம். 18 சென்ரிமீற்றர் அகலமுள்ள பாடநூற் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். புரள்பக்க நூல் விரிந்த நூலைக் காட்டுவதாகையால் இரு பக்கங்களும் சேர்ந்து 36 சென்ரிமீற்றர் ஆகின்றன. நிமிர்த்திப் பிடித்த கைத்தொலைபேசியின் திரை அகலம் ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். அஃதாவது பக்கம் ஐந்திலொன்றாகச் சுருங்குகின்றது. 12 புள்ளி எழுத்து 2.3 புள்ளி எழுத்தாகி விடுகின்றது. தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினாலும் அஃது 5 புள்ளியளவே ஆகும். படத்தைப் பெரிதாக்கினாலோ வரியின் ஒரு துண்டே திரையில் நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் படத்தை இடமும் வலமும் இழுத்துச் செல்ல நேரும். பெரிய மேசைக் கணினியில் அழகாகத் தோன்றுவது, துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ தாயின் தொலைபேசியை வாங்கிப் படிக்கும் மாணவிக்குப் படிக்கவொண்ணாத ஒன்றாகின்றது.

அடுத்தது செலவு. ஒரு பக்கத்தில் 1,500 எழுத்துக் குறிகள் உள்ளன எனக் கொண்டால், ஒருங்குறியிலே தமிழ்க் குறியொன்று மூன்று பைற்று இடம் பெறுவதால், அப்பக்கத்தின் எழுத்து முழுவதும் 4,500 பைற்றில் அடங்கும். அதே பக்கத்தைத் தெளிவான படமாக்கினால் 200 கிலோபைற்று அளவு ஆகலாம். 200 பக்க நூலொன்று எழுத்தாக ஒரு மெகாபைற்றுக்குள் அடங்க, படமாக 40 மெகாபைற்று ஆகின்றது. முற்பணம் செலுத்தித் தரவினைச் சிறிது சிறிதாக வாங்கும் வீட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று. 2020இல் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் வலையமைப்பினூடாகப் பல்கலைக்கழகக் கற்றற் தளங்களுக்குத் தரவுக் கட்டணமின்றிச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. பாடசாலை மாணவர் பலர் வட்சப் வழியாக வந்த பக்கப் படங்களையே நம்பியிருந்தனர். 2021இல் ஊவா மாகாணத்துக் கிராமமொன்றின் மாணவர் சமிக்ஞை தேடி மலைப்பாறை ஏறிய செய்தி உலகெங்கும் வெளிவந்தது. அவ்வாறு ஏறி இறக்கிக்கொள்ளும் 40 மெகாபைற்றில் 39 வெறும் தாளின் தோற்றம் எனின், அச்செலவை யார் பொறுப்பது?

மூன்றாவது, தேடலும் வாசித்தலும். பக்கப் படத்தில் எழுத்து எழுத்தாக இல்லை. ஒரு சொல்லைத் தேட இயலாது. ஒரு வரியைப் படியெடுத்துக் கொப்பியிற் சேர்க்க இயலாது. அகராதியோடு இணைக்க இயலாது. பார்வையற்ற மாணவருக்கோ அஃது ஒரு வெற்றுத் தாளே. என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பான்கள் ஒருங்குறித் தமிழை ஒலித்துக் காட்ட வல்லவை. ஆயின் அவை வாசிப்பதற்கு எழுத்து வேண்டும். போரினாற் பார்வை இழந்தோர் வாழும் வன்னி மண்ணில், தாளின் நிழலை நுணுக்கமாக வரைந்துவிட்டு எழுத்தை மறந்த பாடம் எவ்வளவு அழகாயினும் நீதியான பாடம் ஆகாது.

இவற்றுக்கு மறுமொழியாகச் சிலர், புரளும் பக்கம் மாணவனின் கவனத்தை ஈர்க்கின்றது என்பர். ஈர்க்கின்றது என்பது உண்மை. எதை நோக்கி ஈர்க்கின்றது என்பதே கேள்வி. பல்லூடகக் கற்றல் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், பாடப்பொருளோடு தொடர்பில்லாத கவர்ச்சிகளை நீக்கும்போதே கற்றல் மேம்படுகின்றது என வலியுறுத்தினார். தாளின் வளைவைப் பார்க்கும் கண் அப்பொழுது வரியைப் பார்ப்பதில்லை. முதன்முறை அது வியப்பு. பத்தாம் முறை பழக்கம். ஐம்பதாம் முறை தாமதம்.

வேறு சிலர் ஆன் மாங்கன் முதலியோரின் ஆய்வினை எடுத்துக்காட்டுவர். 2013இல் வெளியான அவ்வாய்வு நோர்வேயின் 72 பத்தாந்தர மாணவரிடையே நடத்தப்பட்டது. தாளில் வாசித்தோர் திரையில் வாசித்தோரைவிட நன்கு விளங்கிக்கொண்டனர் என்பது அதன் முடிபு. ஆகவே திரையைத் தாளாக்குவோம் என்பது இவர்கள் வாதம். ஆயின் அவ்வாய்விலே திரையில் வாசித்தோருக்குக் கொடுக்கப்பட்டதும் பி.டி.எவ். வடிவிலமைந்த பக்கங்களே. பக்கத்தின் தோற்றம் அங்கு இருந்தது. தாளின் பயன் கிடைக்கவில்லை. படித்து முடித்த பகுதி இடக்கையிலும் படிக்கவேண்டிய பகுதி வலக்கையிலும் கனமாக உணரப்படுவது தாளினால் வரும் பயன். வரையப்பட்ட நிழலுக்குக் கனமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய இடத்துக்கும் பொருந்தும்.

4. பக்க எண்ணும் நூற்பா எண்ணும்

எனினும் புரள்பக்க நூலின் சார்பில் ஒரு வலுவான வாதம் எஞ்சி நிற்கின்றது. வகுப்பிலே ஆசிரியர், “52ஆம் பக்கத்தை எடுங்கள்” என்கின்றார். நாற்பது மாணவர் ஒரே நொடியில் ஒரே இடத்துக்கு வருகின்றனர். பக்கம் என்பது வகுப்புக்குப் பொதுவான ஓர் இடம். நமது நாட்டில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருவதால், வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் தலவாக்கலையிலும் தமிழ் மாணவர் ஒரே பாடநூலின் ஒரே பக்கத்திற் சந்திக்கின்றனர். எழுத்தைத் திரையின் அகலத்துக்கேற்ப ஓட விட்டால் அப்பொதுவிடம் கலைந்து போகின்றது. ஒருவரின் 52ஆம் பக்கம் இன்னொருவரின் 81ஆம் பக்கமாகின்றது. பக்க அமைப்பை நிலைநிறுத்த விரும்புவோர் கூறும் நியாயங்களுள் இதுவே தலையாயது.

இதற்கான விடையை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. தமிழ் மரபு பக்கத்தை நம்பி வளர்ந்த மரபன்று. ஏட்டுச்சுவடி ஒவ்வொன்றும் ஓலையின் நீளத்துக்கும் எழுதுவோன் கைக்கும் ஏற்ப வேறுபட்டது. ஓலைகளின் விளிம்பில் எண் இடப்பட்டிருந்தாலும் அஃது அச்சுவடிக்கு மட்டும் உரிய எண். இன்னொரு சுவடியிலே அவ்வெண்ணுள்ள ஓலையில் வேறொரு பகுதி இருக்கும். எனவே பலருக்கும் பொதுவான இடம் ஓலையில் அமைய இயலவில்லை. நூலின் உள்ளமைப்பிலேயே அஃது அமைந்தது. தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரமொன்றுக்கு ஒன்பது இயல், இயலுக்குள் நூற்பா. திருக்குறளோ 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். இன்றும் ஆய்வாளர் புறநானூற்றைப் பாடல் எண்ணாலும் குறளைக் குறள் எண்ணாலுமே சுட்டுகின்றனர். எந்தப் பதிப்பின் எத்தனையாம் பக்கம் என்று கேட்பதில்லை. உரையாசிரியர் பகுப்பு வேறுபடும் இடங்களிலே தொல்காப்பிய நூற்பா எண்கள் சிறிது முன்பின்னாதல் உண்மையே. ஆயினும் ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புக்கும் இந்நூல்கள் இடந்தவறாமல் வந்து சேர்ந்தமைக்கு அவ்வமைப்பே பெருந்துணையாயிற்று. அந்தாதியில் ஒரு பாடலின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவதும் வரிசை குலையாமற் காக்கும் ஒரு வகைக் கட்டே.

ஆகவே மின்பாடத்துக்கு வேண்டுவது புரளும் தாளன்று, பத்திதோறும் நிலைத்து நிற்கும் எண் என்பது என் துணிபு. மூன்றாம் அலகின் இரண்டாம் பாடத்தில் ஏழாம் பத்தி எனின், அது பெரிய திரையிலும் அதுவே. சிறிய திரையிலும் அதுவே. அச்சிட்ட தாளிலும் அதுவே. தொலைபேசியிற் படிக்கும் மாணவியும், போட்டோப் பிரதியிற் படிக்கும் அவள் தோழியும், திரைவாசிப்பானைச் செவிமடுக்கும் பார்வையற்ற மாணவனும் அவ்வெண்ணிலே ஒன்றாகச் சந்திக்கலாம். புரள்பக்க நூலிலே இம்மூவரும் சந்திக்க வழியில்லை.

இதற்கு ஏற்ற கருவிகளும் நம்மிடம் இல்லாமலில்லை. பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் தளத்திலே ‘நூல்’ என்றே ஓர் அமைப்பு உண்டு. அதில் அதிகாரம், உட்பிரிவு, உள்ளடக்க அட்டவணை, முன்னும் பின்னும் செல்லும் வழி, முழுவதையும் அச்சிடும் வசதி ஆகியன உள. தாள் புரள்வதில்லை, எனினும் நூலின் கட்டமைப்பு அதில் இருக்கின்றது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் பாடங்களையும் பாடநூல்களையும் தமிழிலும் வழங்குவது போற்றத்தக்கது. அத்தகைய தளங்களிலும் பி.டி.எவ். பக்கங்களோடு நின்றுவிடாது, எண்ணிட்ட ஒருங்குறி எழுத்தாகவும் பாடநூல்கள் கிடைக்குமாயின், 2022இல் போலத் தாள் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போகும் நிலை மீண்டும் நேரினும் மாணவர் கற்பதற்கு ஒரு வழி இருக்கும்.

5. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, புரள்பக்க நூலை முற்றாகத் தள்ளவும் வேண்டியதில்லை, எங்கும் கொள்ளவும் வேண்டியதில்லை. பக்கமே பாடப்பொருளாகும் இடத்தில் அதற்கு உரிமை உண்டு. பழைய இதழொன்றின் அமைப்பையோ, முதற்பதிப்பொன்றின் முகப்பையோ, சித்திரச் சுவடியொன்றின் வரிசையையோ கற்பிக்கும்போது புரட்டிப் பார்ப்பதே கற்பதாகும். ஆனால் அங்கும் பொருளின் இயல்பு பேணப்படல் வேண்டும். ஓலைச்சுவடியை மேலைநாட்டு நூல் போல வலமிருந்து இடமாக மடித்துப் புரட்டுவது பிழையான பாடம். துளையிட்டுக் கயிற்றிற் கோத்த ஓலை வளைந்து மடிவதில்லை. நீண்ட விளிம்பின் வழியே ஒன்றன்மேலொன்றாகத் திரும்பும்.

எழுத்தின் கருத்தே பாடப்பொருளாகும் இடத்திலோ, பாடத்தை ஆக்குவோர் சில வினாக்களைத் தமக்குள் கேட்டல் வேண்டும். மிகச் சிறிய திரையில் இதனைப் படிக்க முடியுமா? மிகக் குறைந்த தரவில் இதனைப் பெற முடியுமா? கண்ணில்லாதார் இதனைக் கேட்க முடியுமா? ஒரு வரியைச் சுட்டிக் காட்டினால் எல்லாரும் அவ்விடத்துக்கு வர முடியுமா? இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடை கூறிய பின்னர், வசதியுள்ள திரையிலே தாள் அழகாகப் புரண்டால் எவருக்கும் இழப்பில்லை.

இப்பணியைப் பிறர் செய்யட்டும் எனக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் பழைய ஆண்டிதழ்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, அதன் பக்கங்களைப் பக்கங்களாகவும் கட்டுரைகளைப் பத்தி எண்ணிட்ட எழுத்தாகவும் அருகருகே வெளியிடலாம். முதலாவது ஆய்வாளருக்குப் பயன்படும். இரண்டாவது தொலைபேசி மட்டும் கைக்கொண்ட வன்னி மாணவருக்குப் பயன்படும். தட்டச்சும் ஒப்புநோக்கலும் தெரிந்த மாணவர் பத்துப் பேர் ஒரு விடுமுறைக் காலத்தில் முயன்றால் முதல் இதழை முடித்துவிடலாம்.